1,500 வாட் பெட்டிக்குள் 25 வாட்

ஆசிரியருக்கு வணக்கம்.

மணப்பாறையில் 31 வருடமாக ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் ஒருவர் எரிந்துபோன புது டிராலி ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தார். உங்கள் பேப்பரில் வந்த விளம்பரத்தைப் பார்த்து வாங்கினாராம். அட்டைப்பெட்டியில் ‘1,500 வாட் பி.எம்.பி.ஓ.’ (பீக் மியூசிக் பவர் அவுட்புட், அதாவது ஒரு கணத்துக்கான உச்ச பவர்) என்று கொட்டை எழுத்து. பின்பக்கத் தகட்டிலோ, ‘230 வோல்ட், 50 வாட்’ என்று பொடி எழுத்து. 50 வாட் கரண்ட் குடிக்கிற பெட்டி 1,500 வாட் சத்தத்தை எங்கிருந்து கொண்டுவரும்? பி.எம்.பி.ஓ.வுக்குப் பொதுவான அளவுமுறை என்று ஒன்று கிடையாது, நினைத்ததை அச்சடிக்கலாம்.

எரிந்துபோன, ஸ்பீக்கருக்குப் பவர் தரும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களை மாற்றிவிட்டு, ஸ்பீக்கருக்குப் பதில் 8 ஓம்ஸ் ரெசிஸ்டரை மாட்டி அளந்தேன். ஸ்கோப்பில் (அலையைத் திரையில் காட்டும் கருவி) அலையின் தலை தட்டையாகி ஒலி சிதைகிற இடத்துக்குச் சற்று முன்பு நிறுத்தினால் மீட்டரில் 14 வோல்ட். 14-ஐ 14-ஆல் பெருக்கி 8-ஆல் வகுங்கள்: 24.5 வாட். அவ்வளவுதான் சரக்கு.

அப்போது சப்ளை பிளஸ் 22, மைனஸ் 22 வோல்ட். பக்கத்துக்கு 0.8 ஆம்பியர் வீதம் இரண்டு பக்கமும் சேர்த்து 35 வாட் உள்ளே போகிறது. ஆக 70 சதவீதம் சத்தத்துக்கு, மீதி பத்துச் சொச்சம் வாட் சூடாகிறது. இது குறையே இல்லை. அலையின் மேல் பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப் பாதியை இன்னொன்றும் தருகிற இந்த மாதிரி கிளாஸ் பி சர்க்யூட்டில் கணக்குப்படியே 78.5 சதவீதத்தைத் தாண்ட முடியாது.

பலருக்குத் தெரியாத ஒன்று: டிரான்சிஸ்டர் அதிகம் சுடுவது முழு வால்யூமில் அல்ல. மீட்டரில் 10 வோல்ட் காட்டும்படி குறைத்தேன். வெளியே வந்தது 12.5 வாட், உள்ளே போனது ஏறக்குறைய 24.5. சூடு 12 வாட்! சத்தம் குறைந்தும் சூடு கூடிவிட்டது. வாங்கியவர் கூடுதலாக இன்னொரு 8 ஓம்ஸ் ஸ்பீக்கரைப் பேரலலில் கொடுத்திருந்தார். இரண்டும் சேர்ந்து லோடு 4 ஓம்ஸாகக் குறைந்ததும் கரண்ட் கூடி, சூடு கிட்டத்தட்ட இரட்டிப்பு. சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கோ தீப்பெட்டி அளவு. எரியாமல் என்ன செய்யும்? 1,500 வாட்டை நம்பித்தானே இன்னொன்றை மாட்டினார், பாவம். ‘வெளி ஸ்பீக்கர் மாட்டினால் வாரண்டி இல்லை’ என்று விற்ற கடைக்காரர் கையை விரித்துவிட்டாராம்.

அமெரிக்காவில் 1974-லேயே இதற்கு விதி போட்டார்கள். தொடர்ந்து தரக்கூடிய வாட்டையும் அது எத்தனை ஓம்ஸில் என்பதையும் விளம்பரத்தில் சொல்லியாக வேண்டும். அளப்பதற்கு முன் மூன்றில் ஒரு பங்கு பவரில் ஒரு மணி நேரம் ஓட்டவும் சொன்னார்கள். டிரான்சிஸ்டர் வேகிற இடம் அதுதான் என்று தெரிந்தே சொன்னது.

விளம்பர வருமானத்தை விடச் சொல்லவில்லை. ‘ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய பவர்) எத்தனை வாட், எத்தனை ஓம்ஸில்?’ என்று உங்கள் விளம்பரப் பிரிவு ஒரு வரி கேட்டு, அதையும் சேர்த்து அச்சிட்டால் போதும். அதுவரை வாசகர்கள் கடையில் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத் தகட்டைப் படித்துவிட்டுக் காசு கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஆம்ப் மெக்கானிக், மணப்பாறை