கும்பகோணத்து உறுப்பினரின் பேச்சைத் தேடித் தந்தவர்களுக்கு

அன்புள்ள பெரியவர்களே, தம்பி தங்கைகளே,

இரா. செழியன் அவர்களின் நாடாளுமன்ற உரைகளில் ஒரு பகுதி தமிழில் தொகுக்கப்பட்டு, கட்டுப்போட்டு, எங்கள் ஊர் நூலக மேசைக்கு வந்துவிட்டது. விற்பனைக்கு அல்ல, படிப்பதற்கு. இதில் உழைத்த யாரும் ஒரு ரூபாய் வாங்கவில்லை. பெயரும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சரி, பெயர் இல்லாமலே ஊரறிய நன்றி சொல்கிறேன்.

செழியன் யார் என்று இளையவர்கள் கேட்கலாம். கேட்பதில் தப்பில்லை. 1923-இல் திருக்கண்ணபுரத்தில் பிறந்தவர், நாவலர் நெடுஞ்செழியனின் தம்பி. 1962-இல் பெரம்பலூரிலிருந்தும், 1967, 1971 தேர்தல்களில் கும்பகோணத்திலிருந்தும் மக்களவைக்குப் போனவர். அப்புறம் 1978 முதல் 1984 வரை மாநிலங்களவையில் இருந்தார். 2017-இல் மறைந்தார். கும்பகோணம் என்ற பெயரில் இன்று மக்களவைத் தொகுதியே கிடையாது. நகரம் மயிலாடுதுறைத் தொகுதிக்குள் போய்விட்டது. தொகுதியோடு சேர்ந்து அதன் உறுப்பினர் பேசியதும் மறந்துபோகக் கூடாது என்பதுதான் இந்த வேலையின் தொடக்கம்.

முதல் நன்றி கல்லூரி மாணவிகளுக்கு. நாடாளுமன்றத்தின் மின்நூலகத்தில் பழைய விவாதத் தொகுதிகள் எல்லாம் இருக்கின்றன. இருந்தாலும் தேடுவது லேசான வேலையில்லை. பழைய அச்சு, மங்கிய ஸ்கேன். ஒரு பக்கம் மேலிருந்து கீழாக இரண்டு நெடும்பத்திகளாக (காலம்) பிரிந்திருக்கும்; பக்கத்துக்கு எண் கிடையாது, அந்த நெடும்பத்திக்குத்தான் எண். தலைப்பில் ஆங்கிலத் தேதியோடு, இந்திய அரசின் தேசிய நாட்காட்டியான சக ஆண்டின் தேதியும் வரும். 1975 ஜூலை 22 என்றால் ‘ஆஷாட 31, 1897’. கணினியில் பெயரைத் தட்டினால், எழுத்து சிதைந்த பக்கங்கள் வராமலே போய்விடும். அதனால் பக்கம் பக்கமாகக் கண்ணால் பார்த்தார்கள். ஓர் உறுப்பினர் பேச எழுந்ததும் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அவருடைய தொகுதியை அச்சிடுவார்கள். ‘ஸ்ரீ செழியன் (கும்பகோணம்)’ என்ற வரி கண்ணில் பட்டதும் அந்தப் பிள்ளைகள் கைப்பேசியில் படம் எடுத்து எனக்கு அனுப்பியதை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன்.

அந்த உரைகளில் முக்கியமானது அவசரநிலை பற்றியது. 1975 ஜூன் 25 இரவு அது வந்தது. ஜூலையில் நாடாளுமன்றம் கூடியபோது எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தார்கள். அந்த அவையில் எழுந்து நின்று அவசரநிலையை எதிர்த்தவர்களில் செழியன் ஒருவர். ஆனால் பத்திரிகைகளுக்குத் தணிக்கை. எதிர்க்கட்சியினர் அவையில் என்ன பேசினார்கள் என்பதை நாளிதழில் போட முடியாது. நாடாளுமன்ற நடவடிக்கைகளை வெளியிடுவதற்குப் பாதுகாப்புத் தந்த 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அந்த டிசம்பரில் ஓர் அவசரச் சட்டத்தால் நீக்கிவிட்டார்கள். 1977-இல்தான் அது திரும்ப வந்தது. அப்படியென்றால், அவருக்கு ஓட்டுப் போட்ட கும்பகோணத்துக்காரர் தன் உறுப்பினர் டெல்லியில் என்ன பேசினார் என்பதை மறுநாள் காலைப் பேப்பரில் படிக்க வழியில்லை. அவைக் குறிப்பில் அது பத்திரமாக இருந்தது, அதுவும் ஆங்கிலத்தில். அதைத் தமிழாக்கி இந்த ஊருக்கே கொண்டுவந்து சேர்த்த ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஐயாவுக்கு எங்கள் வணக்கம். குறுக்கீடு வந்த இடங்களைக்கூட விடாமல், யார் குறுக்கிட்டார், இவர் எப்படிச் சமாளித்தார் என்று அப்படியே தந்திருக்கிறார்.

அவசரநிலை அளவுக்கு யாரும் பேசாத ஒன்று, அவருடைய கணக்குக் குழுப் பணி. 1971 முதல் 1973 வரை பொதுக் கணக்குக் குழுவுக்கு அவர்தான் தலைவர். அவருக்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் வாஜ்பாய். அரசு செலவழித்த பணத்தைப் பற்றி அரசின் கணக்குத் தணிக்கையாளர் எழுப்பும் கேள்விகளை எடுத்து வைத்துக்கொண்டு அதிகாரிகளை விசாரிக்கும் குழு அது. என்னைக் கேட்டால், மேடைப் பேச்சைவிட இதுதான் கடினம். கைத்தட்டல் கிடையாது, காகிதக் கட்டுதான். இந்தப் பகுதிக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்த வங்கி அதிகாரி அக்கா, வரவு செலவுச் சொற்களை எங்களுக்குப் புரியும்படி உட்காரவைத்துச் சொல்லித் தந்தார்.

அவசரநிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா ஆணையத்தின் அறிக்கை பிற்காலத்தில் கிடைப்பதே அரிதாகிவிட்டது. தம்மிடம் இருந்த பிரதியைக் கொண்டு 2010-இல் அதை மறுபடி பதிப்பித்தவர் இதே செழியன்தான். அப்போது அவருக்கு எண்பத்தேழு வயது. ஆவணம் தொலைந்துபோகக் கூடாது என்று அந்த வயதில் மெனக்கெட்டவரின் உரைகளுக்கு நாம் இந்த அளவாவது செய்திருக்கிறோம்.

இனி கடைமடையிலிருந்து வந்து உதவிய விவசாயி ஐயாவுக்கு. காவிரி பற்றிய பக்கங்களைப் பிரித்தெடுத்தபோது மாணவிகளுக்குத் தேதிகள்தான் தெரிந்தன. காவிரி நீர் பற்றிச் சென்னை மாகாணமும் மைசூரும் செய்த 1924 ஒப்பந்தத்தின் ஐம்பது ஆண்டு 1974-இல் முடிந்தது, தமிழ்நாடு 1971-இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கை 1972-இல் திரும்பப் பெற்றது, நடுவர் மன்றம் 1990-இல்தான் வந்தது என்பதெல்லாம் படித்துவிட்டார்கள். ஐயா பென்சிலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு விவாதத் தேதிக்கும் பக்கத்தில் அப்போது வயல் எந்த நிலையில் இருந்திருக்கும் என்று குறித்தார். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் ஜூலைக் கடைசியில் குறுவை எப்படி இருக்கும், திறக்காவிட்டால் நாற்றங்கால் என்ன ஆகும், டிசம்பரில் சம்பாவுக்கும் தாளடிக்கும் எவ்வளவு தண்ணீர் வேண்டியிருக்கும் என்று ஓரத்தில் எழுதினார். அதற்கப்புறம் அந்தப் பக்கங்களைப் படித்தால், டெல்லியில் ஒரு கேள்விக்குப் பதில் ஒரு கூட்டத்தொடர் தள்ளிப் போனால் இங்கே ஒரு போகமே தள்ளிப் போகும் என்பது விளங்குகிறது. அவர் எழுதிய ஓரக் குறிப்புகளை அப்படியே அச்சில் சேர்த்திருக்கிறோம்.

ராத்திரி கடையை மூடிய பிறகு உட்கார்ந்து தட்டச்சு செய்து கொடுத்த டிடிபி கடைத் தம்பிக்கும், மெய்ப்புப் பார்த்த தமிழாசிரியைக்கும், மூடும் நேரம் தாண்டியும் எங்களுக்காகக் காத்திருந்த நூலகருக்கும், வரும்போதெல்லாம் டிகிரி காபி வாங்கித் தந்த எதிர்வீட்டுப் பெரியப்பாவுக்கும் மனமார்ந்த நன்றி.

மாநிலங்களவை ஆண்டுகளை நாங்கள் இன்னும் தொடவே இல்லை. ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கத் தெரிந்தவர்கள், பழைய தேர்தல் துண்டறிக்கையோ தொகுதிக் கூட்ட நோட்டீஸோ வீட்டில் வைத்திருப்பவர்கள் நூலகரிடம் சொல்லுங்கள். அசலை வாங்கிக்கொள்ள மாட்டோம். அங்கேயே ஸ்கேன் செய்துவிட்டுக் கையோடு திருப்பித் தருவோம். தொகுப்பில் பிழை கண்டால் பென்சிலால் குறித்து வையுங்கள், அடுத்த பதிப்பில் திருத்திவிடுகிறோம்.

அன்புடன்,
வாசகர் வட்டத்தின் சார்பில், கும்பகோணத்திலிருந்து