ஓமாவிலிருந்து அம்மா

அன்பு மகளுக்கு,

இங்கே ஓமாவில் 1998இல் நடந்த குண்டுவெடிப்பை விசாரிக்கும் ஆணையத்தின் நினைவு அமர்வுக்குப் போய் வந்தேன் என்று சொன்னதும், "26 வருஷத்துக்கு மேல ஆச்சேம்மா, இன்னும் எதுக்கு அதையே கிளறிக்கிட்டு?" என்று போனில் கேட்டாய். நான் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை.

நீ இந்த வட அயர்லாந்து ஊரில் படித்தவள், மார்க்கெட் தெருவில் நடந்தது உனக்குத் தெரியும். 1998 ஆகஸ்ட் 15, சனிக்கிழமை, பள்ளிச் சீருடை வாங்க வந்த கூட்டம். போனில் வந்த எச்சரிக்கை இடத்தைக் குழப்பிவிட்டது. பத்திரம் என்று நினைத்து மக்களை அனுப்பிய பக்கத்தில்தான் குண்டு வைத்த கார் நின்றது. 29 பேர் போனார்கள். வயிற்றிலிருந்த இரட்டைக் குழந்தைகளையும் சேர்த்து 31. நம் வீட்டில் அதுவரை ஆகஸ்ட் 15 என்றால் கொடியும் மிட்டாயும்தான்.

இந்த ஊர்க்காரர்களின் துக்கம் எனக்குப் புரிந்தது ஒரு தேநீர்க் கோப்பையில். வந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பெரியவர் இறந்துவிட்டார். நடு வீட்டில் திறந்த பெட்டி, சுற்றி நாற்காலிகள், சமையலறையில் அக்கம்பக்கத்துப் பெண்கள் சாண்ட்விச் அடுக்குகிறார்கள். ஒருத்தி என் கையில் தேநீரைக் கொடுத்தாள். நம்மூரில் சாவு வீட்டில் பிணம் எடுக்கும்வரை அடுப்பு எரியாது, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது என்று வளர்ந்தவள் நான். கோப்பை கையில் நடுங்கியது. அவர் மனைவி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். குடித்தேன். எல்லோரும் கையைப் பிடித்து, "சாரி ஃபார் யுவர் டிரபிள்", உங்கள் துயரத்துக்கு வருந்துகிறேன், என்ற ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். புதிதாக எதையும் தேடிச் சொல்ல வேண்டியதில்லை, வந்து நின்றாலே போதும். இரண்டு ராத்திரி அந்த அம்மாவை யாரும் தனியே விடவில்லை.

குண்டு வெடித்தபோதும் இந்த ஊர் அப்படித்தான் நின்றது. தெருவில் மலையாகக் குவிந்த பூக்கள் அழுகத் தொடங்கியதும் குப்பையில் போட யாருக்கும் மனம் வரவில்லை. கரோல் கேன் என்ற ஓவியர், ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டு, அந்தப் பூக்களைக் கூழாக்கிக் காகிதம் செய்தார். அதில் உருவான படங்கள் இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தப் பூக்களை இதைவிட மரியாதையாக நடத்தியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நினைவுத் தோட்டத்தில் கம்பங்களில் நிற்கும் 31 சின்னக் கண்ணாடிகள் நினைவிருக்கிறதா? சூரியனோடு கூடவே திரும்பும் பெரிய கண்ணாடி ஒன்று அவற்றுக்கு ஒளியை அனுப்பும். அங்கிருந்து அது குண்டு வெடித்த இடத்தில் நிற்கும் கண்ணாடித் தூணுக்குப் போய், உள்ளே இருக்கும் இதய வடிவப் படிகத்தில் விழும். சின்ன வயதில் அந்த ஒளியைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டு நிற்பாய்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். அந்தக் கொலைகளுக்காக இன்றுவரை எவருக்கும் குற்றவியல் தண்டனை இல்லை. 2009இல் நான்கு பேர் பொறுப்பு என்று உரிமையியல் வழக்கில் தீர்ப்பானது, அவ்வளவுதான். ஸ்ட்ரூல் கலை மையத்தில் நடந்த அமர்வில் குண்டைப் பற்றிப் பேச்சு குறைவு. இறந்துபோன ஒவ்வொருவரும் எப்படிப்பட்டவர், எதற்குச் சிரிப்பார், வீட்டில் எப்படி இருப்பார் என்றுதான் பேசினார்கள். இத்தனை வருஷம் 31இல் ஒன்று என்று எண்ணப்பட்டவர்களை அங்கே ஒவ்வொருவராகத் தெரிந்துகொண்டேன். நீ பிறந்த நாளிலிருந்து உன்னைப் பற்றி எனக்கு எவ்வளவு சொல்ல இருக்கிறது! அதைக் கேட்க இத்தனை வருஷம் கழித்து ஒரு சபை கூடினால் நான் போகாமல் இருப்பேனா?

ஆகஸ்டில் லீவு கிடைத்தால் வா. தோட்டத்துக்குச் சேர்ந்து போவோம். மழைக் கோட்டை மறந்துவிடாதே.

அன்புடன்,
அம்மா