மதுரை பிசிக்ஸ் டியூஷன் சார், மேடம்களுக்கு ஒரு மடல்

பிளஸ் டூ பிசிக்ஸ் எடுக்கிற எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் அந்தக் காலத்துல பிஎஸ்சி பிசிக்ஸ் படிச்சுட்டு இப்ப கீழமாசி வீதில ஒரு மளிகை மண்டில கணக்கு எழுதுறேன். போன வாரம் மகள பீட்டா சிதைவு (அணுக்கரு ஒரு எலக்ட்ரான வெளிய தள்ளுறது) சமன்பாட்ட ஒப்பிக்கச் சொன்னேன், கடைசில ஒரு ஆன்டிநியூட்ரினோ ஒட்டிக்கிட்டு இருக்கே, அது எதுக்கும்மான்னா "எழுதலன்னா மார்க் போயிரும்ப்பா"ங்கிறா. டியூஷன்ல அவ்ளோதான் சொன்னாங்களாம்.

சார், அது கணக்குல துண்டு விழுந்த கதை சார்! பிஸ்மத் 210, அப்ப ரேடியம் ஈன்னு பேரு, எல்லா அணுவும் ஒண்ணுபோல, சிதைஞ்சு வர்ற பொலோனியமும் ஒண்ணுபோல, அப்ப எலக்ட்ரானும் ஒரே ஆற்றலோட தானே வரணும், ஆனா ஒண்ணு 10 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டோட வருது, இன்னொண்ணு 2 லட்சத்தோட வருது. இப்படி கலந்துகட்டி வர்றத 1914லயே சாட்விக் பாத்துட்டாரு. வர்ற வழில ஆற்றல் சிந்திருக்கும்னாங்க சிலபேரு. சரின்னு 1927ல எல்லிஸும் வூஸ்டரும் அந்த பிஸ்மத்த சூட்ட அளக்குற கலோரிமீட்டருக்குள்ள வச்சு மூடிட்டாங்க, சிந்துனாலும் சூடா உள்ளதானே கெடக்கணும். அளந்தா அணு ஒண்ணுக்கு சுமார் 3.5 லட்சம்தான் தேறுது, அதிகபட்சமா வர்ற எலக்ட்ரான வச்சுப் பாத்தா இருக்க வேண்டியது 10.5 லட்சம். மூணுல ரெண்டு பங்கக் காணோம்!

நீல்ஸ் போரே, ஆற்றல் அழிவின்மை ஒவ்வொரு சிதைவுலயும் பொருந்தணும்னு இல்ல, சராசரியா பொருந்துனா போதுமோன்னு யோசிச்சாரு. எங்க மொதலாளிகிட்ட நான் இப்படிச் சொன்னா அன்னிக்கே சீட்டக் கிழிச்சிருவாரு. பௌலிங்கிற விஞ்ஞானிதான் மசியல. 1930 டிசம்பர்ல டூபிங்கன் கூட்டத்துக்கு ஒரு லெட்டர் போட்டாரு, சார்ஜ் இல்லாத ஒரு துகள் மிச்சத்த தூக்கிட்டுப் போகுதுன்னு. அதுதான் சமன்பாட்டுக் கடைசில ஒட்டிக்கிட்டு இருக்கிற ஆன்டிநியூட்ரினோ. நேர்ல வரல, ஜூரிச்ல டான்ஸ் பார்ட்டியாம் (பெரிய ஆளுக சமாச்சாரம்). ரெய்ன்ஸும் கோவனும் அணு உலை பக்கத்துல அதைப் புடிச்சது 1956ல.

இந்தா இருக்கிற தேனி பக்கம் பொட்டிபுரத்துல நியூட்ரினோ ஆய்வகம் வேணுமா வேணாமான்னு வருஷக்கணக்கா பேசுனோம், அந்த வழக்குக்குள்ள நான் போகல, ஆனா அந்தத் துகள் எதுக்கு வந்துச்சுன்னு நம்ம பிள்ளைகளுக்கே தெரியலையே சார்.

அந்த 3.5 லட்சம், 10.5 லட்சம் ரெண்டு நம்பர மட்டும் போர்டுல எழுதிட்டு மீதி எங்கன்னு கேட்டுட்டு அஞ்சு நிமிஷம் சும்மா நில்லுங்க. நான் வீட்ல கேட்டேன், "எவனோ பாக்காத நேரத்துல எடுத்துட்டுப் போயிட்டான்ப்பா"ன்னா மக. சமன்பாட்ட அதுக்கப்புறம் அவ மறக்கவே இல்ல.