பால் மறந்த குழந்தை

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டுச் செய்திகளுக்கெல்லாம் உன் அம்மா தொலைபேசியிலேயே பதில் சொல்லிவிட்டாள். எனக்கென்று நீ எழுதியிருந்த அந்தக் கடைசிப் பத்திக்கு மட்டும் அவசரமில்லாமல் உட்கார்ந்து எழுத வேண்டும் என்று தள்ளி வைத்திருந்தேன். செவிலியாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இத்தனை ஆண்டுகள் நின்ற பிறகு, சிறு பிள்ளைகளைப் போல் ஆகாவிட்டால் விண்ணரசில் புகமாட்டீர்கள் என்ற வாசகத்தைப் பூசையில் கேட்கும்போது எரிச்சல்தான் வருகிறது என்றும், பவுலடியாரே தாம் பெரியவரானதும் குழந்தைக்குரியவற்றை அகற்றிவிட்டதாகக் கொரிந்தியருக்கு எழுதவில்லையா என்றும் கேட்டிருந்தாய். கோபத்தில் கேட்ட கேள்வியாக இருந்தாலும் நல்ல கேள்வி.

முதலில் அந்த வாசகம் எந்த இடத்தில் வருகிறது என்று பார். மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில், விண்ணரசில் யார் மிகப் பெரியவர் என்பதை அறிய ஆசைப்பட்டுச் சீடர்கள் கேட்கிறார்கள். அதற்குப் பதிலாகத்தான் ஆண்டவர் ஒரு பிள்ளையை அழைத்து அவர்கள் நடுவில் நிறுத்துகிறார். அந்தக் காலத்துச் சமூகத்தில் பிள்ளைக்குச் சொத்தில்லை, சபையில் பேச்சில்லை, யாரும் அதன் தயவை நாடி வரப்போவதுமில்லை. குழந்தைகளை அவரிடம் கொண்டுவந்தவர்களை அதட்டி விலக்கியவர்களும் இதே சீடர்கள்தாம். ஆகவே அவர் அங்கே சுட்டிக்காட்டியது குழந்தையின் மழலையையோ வெகுளித்தனத்தையோ அன்று என்றே நான் படிக்கிறேன். காட்டுவதற்கு எந்தத் தகுதிச் சான்றும் கையில் இல்லாமல், அதைப் பற்றிக் கவலையும் இல்லாமல், கூப்பிட்டவுடன் வந்து நிற்கிற அந்த நிலையைத்தான். நீ எடுத்துக்காட்டிய பவுலடியாரும் அதே திருமுகத்தில் அடுத்த அதிகாரத்திலேயே, தீமையைப் பொறுத்தவரை குழந்தைகளாக இருங்கள், சிந்தனையிலோ முதிர்ந்தவர்களாக இருங்கள் என்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துவைக்கிறார்.

குழந்தை மனம் வேண்டும் என்று சொல்லிக் கேள்வி கேட்கிறவர்களின் வாயை அடைக்கிற மறையுரைகளை நீயும் கேட்டிருப்பாய், நானும் கேட்டிருக்கிறேன். மூன்று வயதுப் பிள்ளை ஒன்றோடு ஒரு பகல் முழுவதும் இருந்து பார்த்தவர் எவரும் அப்படிப் பேசமாட்டார்.

நம் ஊர்ப் பக்கம் சிறுமலர் என்று அழைக்கப்படுகிற, துறவியும் புனிதருமான குழந்தை தெரசாளை நீ சிறு வயதிலிருந்தே அறிவாய். கை நிறைய ரோஜாக்களோடு சிலுவையை அணைத்துக்கொண்டு நிற்கும் அந்தச் சிலையைப் பார்த்து, உலகம் அறியாத ஒரு பெண், சர்க்கரைப்பாகு போன்ற பக்தி என்று நீ அவரை ஒதுக்கிவைத்திருந்தால் உன்மேல் குற்றமில்லை. அவருடைய அக்காள் செலின் புகைப்படக் கருவியோடு மடத்தில் சேர்ந்தவர். தங்கையின் படங்களைப் பிற்காலத்தில் மென்மையாகத் திருத்தி வரைந்து உலகுக்குக் கொடுத்ததும் அவர்தான். திருத்தப்படாத படங்களில் இருக்கும் முகம் வேறு. உறுதியான தாடையும் களைத்த கண்களும் கொண்ட அந்த முகம், இரவுப்பணி முடித்து வரும் உன் தோழிகளின் முகத்தைப் போலவே இருக்கும்.

தெரசாள் 1873இல் பிரான்சு நாட்டின் அலான்சோன் நகரில் பிறந்தார். தந்தை கடிகாரத் தொழில் செய்தவர். தாய் சரிகைப் பின்னல் தொழில் நடத்தியவர். மார்பகப் புற்றுநோயால் தாய் இறந்தபோது பிள்ளைக்கு நான்கரை வயது. அதற்குப் பிறகு பத்து ஆண்டுகள் எதற்கெடுத்தாலும் அழுகிற, அழுததற்காக மீண்டும் அழுகிற குழந்தையாக வளர்ந்ததாக அவரே எழுதி வைத்திருக்கிறார். 1886ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் நள்ளிரவுப் பூசை முடிந்து வீடு திரும்பியதும், அந்நாட்டு வழக்கப்படி அடுப்பங்கரையில் வைத்திருந்த காலணிகளுக்குள் இருக்கும் பரிசுகளை எடுக்கும் ஆசையில் இருந்தவருக்கு, களைத்துப்போயிருந்த தந்தை, நல்லவேளை இந்த வழக்கம் இந்த ஆண்டோடு முடிகிறது என்று சொன்னது மாடிப்படியில் காதில் விழுந்தது. கண்ணீர் வந்துவிட்டதைப் பார்த்த செலின், இப்போது கீழே போகாதே என்று தடுத்தார். ஆனால் தெரசாள் கண்ணீரை விழுங்கிவிட்டுக் கீழே இறங்கி வந்து, ஒன்றுமே கேட்காதவர் போலப் பரிசுகளை ஒவ்வொன்றாக எடுத்து மகிழ்ந்தார். தந்தையின் முகமும் மலர்ந்தது. தாயின் மரணத்தில் இழந்த மனவலிமை தமக்கு அந்த இரவில் திரும்பக் கிடைத்தது என்பது அவருடைய சாட்சியம்.

இதை நீ கவனிக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதினேன். குழந்தைத்தனம் கழன்று விழுந்த அந்த இரவுக்குப் பிறகுதான், எதைத் திருச்சபை அவருடைய ஆன்மீகக் குழந்தைமை என்று இன்று போற்றுகிறதோ அது வளரத் தொடங்கியது. பிறரின் ஒரு சொல்லில் வாடிப்போகிறவரால், எல்லோரும் தன்னைக் கவனிக்க வேண்டும் என்று ஏங்குகிறவரால் கடவுள்முன் குழந்தையாக இருக்க முடியாது. அவர் தம்மைக் காத்துக்கொள்வதிலேயே முழுநேரமும் செலவழிந்துவிடும். கொஞ்சமாவது வளர்ந்தவருக்கே அந்தக் குழந்தைமை வாய்க்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் தாயுமானவரும் பாலரையும் பித்தரையும் பேயரையும் போல் இருப்பதை ஞானியரின் இயல்பாகப் பாடினாரே தவிர, அறியாதவரின் இயல்பாக அன்று.

பதினைந்து வயதில், 1888இல் அவர் லிசியே நகரில் கார்மேல் சபைத் துறவியரின் மடத்தில் சேர்ந்தார். புனிதர்களின் வாழ்க்கையைப் படித்து அவர்களைப் போல் பெரிய தவங்கள் செய்யத் தம்மால் முடியாது என்று கண்டபோது, அவர் தேடிக்கொண்ட விடை விசித்திரமானது. ரோமாபுரிக்குப் பயணம் போனபோது அவர் மின்தூக்கிகளைப் பார்த்திருந்தார். அந்தக் காலத்தில் அது புதுமை. பணக்காரர் வீடுகளில் படியேறாமலே மேலே போக முடிகிறதென்றால், ஆண்டவரின் கைகளே எனக்கு மின்தூக்கி, அதில் ஏற நான் பெரியவளாக வேண்டியதில்லை, சிறியவளாகவே இருந்தால் போதும் என்று எழுதினார். இதை மட்டும் கேட்டால் சோம்பேறிக்குச் சொன்ன அறிவுரை போலிருக்கும். ஆனால் தம் பொறுப்பில் இருந்த இளம் துறவி ஒருவரிடம் அவர் இன்னொன்றும் சொன்னார். படிக்கட்டின் அடியில் நிற்கிற குழந்தை முதற்படியில் ஏறக் காலைத் தூக்கும், விழும், மறுபடியும் தூக்கும். ஒரு படிகூட ஏறியிருக்காது. மேலே நிற்கிற தந்தை அந்த வீண் முயற்சியைப் பார்த்துப் பொறுக்காமல் இறங்கி வந்து தூக்கிக்கொள்வார். ஆகவே காலைத் தூக்குவதை நிறுத்தக் கூடாது. ஏறிவிட்டோம் என்று கணக்கெழுதவும் கூடாது. தம்மைக் கடவுளுக்குக் கையளித்து 1895இல் எழுதிய செபத்தில், வாழ்வின் மாலையில் வெறுங்கையோடு உம்முன் வருவேன் என்ற பொருளில் அவர் எழுதியதற்கும் இதுதான் அர்த்தம்.

நடைமுறையில் இது எப்படி இருந்தது என்பதற்கு அவர் தரும் சான்றுகள் எனக்கு மிகவும் பிடித்தவை, ஏனென்றால் அவற்றில் பெரிய காரியம் ஒன்றுமே இல்லை. செபவேளையில் பின்னால் அமர்ந்திருந்த ஒரு துறவி ஓயாமல் எழுப்பிய சிறு ஓசை அவருக்கு வியர்த்துப்போகும் அளவுக்கு எரிச்சலூட்டியது; திரும்பி முறைப்பதை விட்டுவிட்டு, அதை ஓர் இன்னிசையாக எண்ணிக் காது கொடுத்துக் கேட்டு, அந்த இசையையே செபமாக ஒப்புக்கொடுத்தார். சலவையறையில் எதிரே நின்ற ஒருவர் துணி அலசும்போது அழுக்குத் தண்ணீரை அவர் முகத்தில் தெறிக்கவிட்டுக்கொண்டிருந்தார். முகத்தைத் துடைத்துக் குறிப்பால் உணர்த்தாமல், இலவசமாகக் கிடைக்கிற பொக்கிஷமாக அதைப் பெற்றுக்கொண்டார். பெரியவர்களாகிய நாம் இத்தகைய இடங்களில் நம் மரியாதையை நிலைநாட்டப் பார்க்கிறோம். அவர் அதை விளையாட்டாக மாற்றினார். அவ்வளவு எரிச்சலுக்கு நடுவில் விளையாடத் தெரிவது சுலபமான காரியமா என்று உன் பணிமுறைப் பட்டியல் சண்டைகளை நினைத்துப் பார்த்துச் சொல்.

இனி நீ உண்மையாகவே கேட்டதற்கு வருகிறேன். நீ பார்த்த மரணங்களுக்குப் பிறகு குழந்தையைப் போல் நம்ப முடியவில்லை என்பதுதானே உன் மனத்தில் இருப்பது? 1896ஆம் ஆண்டு பெரிய வெள்ளிக்கு முந்தின இரவில் தெரசாளுக்கு முதன்முதலாக வாயில் இரத்தம் வந்தது. காசநோய். சில நாட்களில் வந்த, ஈஸ்டர் என்னும் உயிர்ப்புக் காலத்தில் அவருடைய விசுவாசத்தை இருள் மூடிக்கொண்டது. விண்ணகம் என்பதே இல்லை, உனக்கு முன் இருப்பது சூனியத்தின் இரவு மட்டுமே என்று ஒரு குரல் தம்மைக் கேலி செய்வதாக எழுதினார். அந்த இருள் 1897 செப்டம்பர் 30 அன்று இருபத்து நான்கு வயதில் அவர் இறக்கும்வரை பெரும்பாலும் விலகவில்லை. கடைசி வாரங்களில் வலி தாங்க முடியாதபோது, இப்படித் துன்பப்படுகிறவர்கள் அருகில் நஞ்சுள்ள மருந்துகளை வைத்துவிட்டுப் போகாதீர்கள் என்று தம்மைக் கவனித்துக்கொண்டவர்களை எச்சரித்தார். செவிலியான உனக்கு இந்த வாக்கியத்தின் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. எதையும் அறியாத பெண் பேசும் பேச்சு அன்று இது. எல்லாம் அறிந்த நிலையில், எதுவும் தெரியாத இருட்டில், கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர். திருச்சபை முழுவதற்கும் ஆசிரியராக ஏற்கத்தக்கவர் என்ற பொருளில் தரும் மறைவல்லுநர் பட்டத்தை 1997இல் திருச்சபை அவருக்குத் தந்ததில் எனக்கு வியப்பில்லை.

131ஆம் திருப்பாடலில் ஆன்மாவுக்கு ஒப்பாகச் சொல்லப்படுவது தாயின் பாலை மறந்த குழந்தை. பால் குடிக்கும் குழந்தை பசிக்காகத் தாயைத் தேடுகிறது, கிடைக்காவிட்டால் வீறிடுகிறது. பால் மறக்கச் செய்த நாட்களில் அது அழுத அழுகையையும் உன் அம்மா பட்ட பாட்டையும் நான் பார்த்திருக்கிறேன். அதையெல்லாம் கடந்த பிறகு, கேட்க ஒன்றும் இல்லாமல், மடி மடியாக இருப்பதற்காகவே வந்து அமர்கிற ஒரு காலம் வருகிறது. உன் சிறு வயதில் நீ கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று நம்பிய செபம் இப்போது உனக்கு வரவில்லை என்றால், அந்தப் பால் மறந்துவிட்டது என்றுதான் கொள்கிறேன். நீ விசுவாசத்தை விட்டு வெளியேறிவிட்டாய் என்று நான் நினைக்கவில்லை.

உன் மாற்றம் எங்கே என் கவனத்துக்கு வருகிறது என்றால், நோயாளிகளைப் பற்றிச் சொல்லும்போது முன்பெல்லாம் அவர்கள் சொன்ன வேடிக்கைகளைச் சொல்வாய், இப்போது படுக்கை எண்களைச் சொல்கிறாய். இறப்பைப் பார்த்ததால் வந்த முதிர்ச்சி என்று நீ இதைக் கருதலாம். களைப்பு என்று நான் கருதுகிறேன், இரண்டும் வேறு. ஒருவரை முதன்முறையாகப் பார்ப்பதுபோல் பார்க்கும் கண் உன்னிடம் இருந்தது. அதை மீட்டுக்கொள்ள நீ எதையும் மறக்கவோ எதையும் நம்புவதாக நடிக்கவோ தேவையில்லை. தூங்க வேண்டும், முதலில்.

இதிலும் உனக்குத் துணைக்கு அவரே இருக்கிறார். ஏழு ஆண்டுகளாகச் செபத்திலும் நற்கருணை வாங்கிய பிறகும் தூங்கிவிடுகிறேன் என்று ஒப்புக்கொண்டவர், பிள்ளைகள் விழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றோருக்குப் பிடிக்கும் என்று சொல்லி அதற்காக வருந்த மறுத்தார். அக்டோபர் 1 அவருடைய திருநாள். முந்தின இரவு உனக்குப் பணி இருந்தால், காலையில் பூசைக்குப் போகவில்லையே என்று வழக்கம்போல் எனக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்காதே. திரையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொள். உனக்கும் சேர்த்து நாங்கள் இருவரும் இங்கே போய்வருகிறோம்.

அன்புடன்,
அப்பா