ஆண்டறிக்கை: கல்லில் இருக்கும் பெயர்களைப் படித்த வருடம்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். கணக்கு விவரத்தைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். பொங்கல் விழா, கோடை ஒன்றுகூடல், முதியோருக்கான கணினி வகுப்பு மூன்றும் வழக்கம்போல நடந்தன, படங்கள் மண்டப வாசலில் ஒட்டியிருக்கின்றன, பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வருடம் நாம் புதிதாக எடுத்த வேலை ஒன்றுதான். கனடாவில் நாம் குடியிருக்கும் இடங்களைச் சுற்றி நிற்கும் போர் நினைவுச்சின்னங்களைத் தேடிப் போய்ப் பார்த்தோம். என் அறிக்கை முழுக்க அதைப் பற்றித்தான்.

சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒரு மாமி எழும்பி ஒரு கேள்வி கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். "கிங்ஸ்டன் வீதியும் டான்ஃபோர்த் அவெனியூவும் சேருகிற இடத்தில் ஒரு தூண் நிற்கிறது, இருபது வருடமாக பஸ்ஸில் அதைக் கடந்து வேலைக்குப் போய் வந்தேன், அது என்ன?" என்றார். மண்டபத்தில் இருந்த யாருக்கும் சரியாகப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அது ஸ்காபரோவின் போர் நினைவுச்சின்னம். முதலாம் உலகப் போர் முடிந்த நாளான நவம்பர் 11ஆம் தேதி ஒவ்வொரு வருடமும் அங்கே அஞ்சலி நடக்கிறது, நாம் இத்தனை வருடம் அதற்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு போனதில்லை.

சரி, போவோம் என்று முடிவெடுத்தோம். போவதற்கு முன் கொஞ்சம் படித்தோம். படிக்கப் படிக்கத்தான், ஏன் இந்த நாட்டின் சின்னச் சின்ன ஊர்களில்கூட இப்படி ஒரு கல் நிற்கிறது என்பது விளங்கியது. முதலாம் உலகப் போர் தொடங்கியபோது கனடாவின் சனத்தொகை 80 லட்சம்கூட இல்லை. அதில் 6 லட்சத்துக்கு மேற்பட்டோர் படையில் சேர்ந்தார்கள், ஏறத்தாழ 61,000 பேர் திரும்பி வரவில்லை. அந்தக் காலத்தில் இறந்தவர்களின் உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுவருவதில்லை என்பதுதான் பிரித்தானியப் பேரரசின் நடைமுறை. விழுந்த நாட்டிலேயே புதைத்தார்கள். பலருக்கு அந்தக் குழிகூடக் கிடையாது. பிரான்சில் விமி குன்றில் 1936இல் திறக்கப்பட்ட கனடிய நினைவுச்சின்னத்தில், பிரான்சில் இறந்து, கல்லறை எங்கே என்று தெரியாமல் போன 11,285 கனடியர்களின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கடல் தாண்டிப் போய்ப் பார்க்க வசதியில்லாத தாய் தகப்பன்மார் என்ன செய்வார்கள்? பூ வைக்க ஊரிலேயே ஓர் இடம் வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் ஊர்ச் சனங்கள் காசு சேர்த்து இந்தக் கற்களை நட்டார்கள். இப்படிப்பட்ட கல்லை இங்கே 'செனோடாப்' என்கிறார்கள், அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு வெறுங்கல்லறை என்றுதான் பொருளாம். நம்மிடையே இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா இதைக் கேட்டதும் நடுகல்லைப் பற்றிச் சொன்னார். போரில் விழுந்தவனின் பெயரையும் பெருமையையும் கல்லில் எழுதி, மயில்பீலி சூட்டி, வழிநடையில் நிறுத்தினார்கள் நம் முன்னோர்கள். இங்கே பீலிக்குப் பதில், போரில் இறந்தவர்களின் நினைவாகச் சட்டையில் குத்தும் சிவப்புப் பொப்பிப் பூ, அவ்வளவுதான் என்றார் ஐயா.

நவம்பர் 11 காலை நல்ல குளிர். நம் சங்கத்திலிருந்து பத்தொன்பது பேர் போனோம். மலர்வளையமும் கொண்டுபோனோம், ஆனால் வளையம் வைக்கும் அமைப்புகள் முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. அதை விசாரிக்காமல் விட்டது என் பிழை, இங்கே ஒப்புக்கொள்கிறேன். பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன, நாங்கள் வளையத்தைக் கையில் பிடித்தபடி கடைசி வரை நின்றோம். எல்லாம் முடிந்த பிறகு, மார்பு நிறையப் பதக்கம் அணிந்த ஒரு முதியவர் தானாகவே வந்து, இப்போது வையுங்கள், வைக்கலாம் என்று கையைக் காட்டி எங்களை முன்னால் கூட்டிக்கொண்டு போனார். அவரே பக்கத்தில் நின்று சலூட் அடித்தார். அன்றைக்கு அது எங்களுக்குப் பெரிய விஷயம்.

அதன் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். அஞ்சலி முடிந்ததும் ஆட்கள் தங்கள் கோட்டில் இருந்த பொப்பியைக் கழற்றி நினைவுச்சின்னத்தில் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒட்டாவாவில் 2000ஆம் ஆண்டு பெயர் தெரியாத போர்வீரரின் கல்லறை அமைக்கப்பட்டபோது சனங்கள் தாமாகத் தொடங்கிய பழக்கம் இது. நம்மோடு வந்த அம்மா ஒருவர், ஊரில் போரில் மகனைப் பறிகொடுத்தவர், உடலும் கிடைக்காதவர், கையுறையைக் கழற்றினார். விரல் விறைத்துப்போய் ஊசியைப் பிடிக்க முடியவில்லை. பொப்பியின் ஊசி நேராகத்தான் இருக்கும், கொளுக்கி கிடையாது. மூன்று தரம் நழுவி விழுந்தது. பேத்தி எடுத்துக் கொடுக்கப் போக, வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, தானே குனிந்து எடுத்து, எங்கள் வளையத்தின் இலைகளுக்கு நடுவே குத்தி வைத்தார். பஸ்ஸில் ஏறும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு, "பேர் எழுத ஒரு கல்லாவது வைத்திருக்கிறார்கள்" என்றார்.

பொப்பியைப் பற்றியும் ஒரு சொல். கனடாவில் அது நினைவுப் பூவாக 1921இல் வந்தது. ஒக்டோபர் மாதக் கடைசி வெள்ளியிலிருந்து நவம்பர் 11 வரை இடது பக்கம், நெஞ்சுக்கு அருகில் அணிய வேண்டும். கடை வாசல்களில் லீஜன் என்ற முன்னாள் படைவீரர் சங்கத்துக்காரர்கள் பெட்டியோடு நிற்கிறார்களே, அதில் போடும் காசு முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் போகிறது. அடுத்த முறை அவர்களைக் கண்டால் சில்லறையோடு நிறுத்தாதீர்கள், இரண்டு நிமிடம் நின்று பேசுங்கள்.

டிசம்பரில் ரொறன்ரோ பழைய நகர மண்டபத்துக்கு முன்னால் இருக்கும் நினைவுச்சின்னத்துக்கு ஒரு சின்னக் குழு போனது. 1925 நவம்பர் 11 அன்று திறந்தது. லண்டனில் இருப்பதைப் பார்த்துக் கட்டியது. அதில் ஆட்களின் பெயர் கிடையாது, ஈப்ர, சோம், விமி, பாசண்டேல் என்று போர்க்களங்களின் பெயர்தான் இருக்கிறது. என் மனதுக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை. பெயர்ப் பட்டியல் உள்ள சின்ன ஊர்க் கல்லின் முன்னால் நிற்கும்போது வரும் உணர்வு அங்கே வரவில்லை.

குளிர்காலத்தில் மண்டபத்துக்குள்ளேயே இரண்டு மாலைகள் இதைப் பற்றிக் கதைத்தோம். ஒரு மாலை வன்கூவர் ஸ்டான்லி பூங்காவில் உள்ள ஜப்பானியக் கனடியர் நினைவுத்தூணைப் பற்றி. முதலாம் போரில் 222 ஜப்பானியக் கனடியர்கள் சண்டையிட்டார்கள், 54 பேர் இறந்தார்கள். அவர்களுக்காக 1920இல் வைத்த தூணின் உச்சியில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. 1942இல், ஜப்பானோடு போர் மூண்டு, ஜப்பானியக் கனடியர்களைக் குடும்பம் குடும்பமாக வீட்டைவிட்டு அப்புறப்படுத்திய அந்தக் காலத்தில், அந்த விளக்கை அணைத்துவிட்டார்கள். திரும்ப ஏற்றியது 1985இல், ஏற்றியவர் முதலாம் போரில் சண்டையிட்ட முதியவர் மசுமி மிட்சுயி. இந்தக் கதையைக் கேட்டபோது மண்டபம் அப்படியே அமைதியாகிவிட்டது. இதையும் சேர்த்துத்தான் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இன்னொரு மாலை, திருகோணமலையில் பிறந்த ஐயா ஒருவர் பேசினார். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்டதைத் தன் தகப்பன் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் அவர். அதற்கு ஐந்து நாள் முன், ஏப்ரல் 4 அன்று, இலங்கையின் தெற்கே உள்ள கொக்கலையிலிருந்து கற்றலீனா விமானத்தில் புறப்பட்டு, இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பற்படையை நடுக்கடலில் கண்டு வானொலியில் செய்தி அனுப்பியவர் லெனார்ட் பேர்ச்சல் என்ற கனடியர். ஒன்ராறியோவில் சென்ற் கதரின்சில் பிறந்தவர். செய்தி அனுப்பும்போதே அவர் விமானத்தைச் சுட்டு வீழ்த்திவிட்டார்கள், போர் முடியும்வரை ஜப்பானில் கைதியாக இருந்தார். நம் ஊருக்கும் இந்த நாட்டுக்கும் இடையில் இப்படி ஒரு நூல் இருக்கிறது என்று எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ரொறன்ரோவுக்குக் கிழக்கே உள்ள ஏஜக்ஸ் ஊரில் செய்த வேலைக்கு வருகிறேன். அங்கே நினைவுச்சின்னம் வீதி வீதியாக இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு முன் அது பண்ணை நிலம், போர்க்காலத்தில் குண்டுகளுக்கு வெடிமருந்து நிரப்பும் பெரிய தொழிற்சாலை வந்த பிறகுதான் ஊரானது. 9,000க்கு மேற்பட்டோர் அங்கே வேலை செய்து 4 கோடி குண்டுகளை நிரப்பினார்கள், அவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். ஊருக்குப் பெயர் வந்தது எச்.எம்.எஸ். ஏஜக்ஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலிலிருந்து. 1939 டிசம்பர் 13 அன்று, தென் அமெரிக்கக் கரையில் ரிவர் பிளேட் முகத்துவாரத்துக்கு வெளியே ஏஜக்ஸ், அக்கிலீஸ், எக்சற்றர் என்ற மூன்று கப்பல்கள் ஜெர்மனியின் கிராஃப் ஸ்பே என்ற போர்க்கப்பலைத் துரத்தி அடித்தன. அந்தச் சண்டையில் இருந்தவர்களின் பெயர்களைத்தான் ஊர் வீதிகள் பலவற்றுக்கு வைத்திருக்கிறார்கள். நாம் தினமும் வண்டி ஓட்டிப் போகும் ஹார்வுட் அவெனியூ, அந்தக் கப்பல்களை நடத்திய கொமடோர் ஹென்றி ஹார்வுட்டின் பெயர். ஏஜக்சில் வீடு வாங்கிப் பால் காய்ச்சிய நம் ஆட்கள் எத்தனை பேர்! விலாசம் எழுதும்போதெல்லாம் ஒரு கடற்படை ஆளின் பெயரை எழுதியிருக்கலாம், தெரியாமலே. உறுப்பினர்கள் தங்கள் வீதிப் பெயர் யாருடையது என்று தேட வேண்டும் என்று கேட்டிருந்தோம். பதினொரு பேர்தான் தேடித் தந்திருக்கிறார்கள்.

ஜூலை மாதம் ஒரு பஸ் எடுத்துக் கிச்சினருக்கும் குவெல்புக்கும் போனோம். என்னைப் பொறுத்தவரை இந்த வருடத்தின் சிறந்த நாள் அதுதான். பஸ் ஒன்றரை மணி நேரம் பிந்தி வந்தது, வெயிலில் காத்திருந்த முதியவர்களிடம் இங்கேயும் மன்னிப்புக் கேட்கிறேன். கிச்சினர் மவுண்ட் ஹோப் மயானத்தில் புக்கம் சிங்கின் கல்லறை இருக்கிறது. பஞ்சாபில் பிறந்து, பதினான்கு வயதுகூட நிரம்பாமல் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்து, 1915இல் ஒன்ராறியோவில் படையில் சேர்ந்தவர். அப்போது கனடியப் படையில் சேர முடிந்த சீக்கியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். 1916இல் இரண்டு தரம் காயப்பட்டார், பிறகு காசநோய் பிடித்து 1919 ஆகஸ்டில் கிச்சினர் ஆஸ்பத்திரியில் இறந்தார், வயது 25. சொந்தக்காரர் ஒருவரும் பக்கத்தில் இல்லை. தொண்ணூறு வருடத்துக்கு அவரை யாருக்கும் தெரியாது. அவருடைய பதக்கம் ஒன்று லண்டனில் விலைக்கு வந்ததைச் சந்தீப் சிங் பிரார் என்பவர் கண்டு, அதிலிருந்த பெயரைத் தொடர்ந்து போய்த்தான் கல்லறையைக் கண்டுபிடித்தார். இப்போது ஒவ்வொரு நவம்பரிலும் சீக்கியர்கள் திரண்டு அங்கே அஞ்சலி செய்கிறார்கள்.

அவருடைய காயத்துக்கு மருந்து கட்டிய ஆஸ்பத்திரிகளில் ஒன்றில் மருத்துவராக இருந்தவர் ஜோன் மக்ரே, பொப்பிப் பூவை உலகமே அறியச் செய்த அந்தக் கவிதையை 1915இல் எழுதியவர். மக்ரே பிறந்த சின்னக் கல் வீடு குவெல்பில் அருங்காட்சியகமாக இருக்கிறது. காலையில் புக்கம் சிங், மாலையில் மக்ரே. போர் முடியும் முன்பே, 1918 ஜனவரியில், மக்ரே நியுமோனியாவில் இறந்துபோனார். அவர் கல்லறை பிரான்சில்தான்.

நம் பிள்ளைகள் செய்த வேலையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். உயர்பள்ளி முடிக்க 40 மணி நேரத் தொண்டு வேலை தேவை என்பதால் ஏழு பேர் வந்து சேர்ந்தார்கள், மணி நேரம் முடிந்த பிறகும் போகவில்லை. முதலாம் போர்ப் படையினரின் 6 லட்சத்து 22 ஆயிரத்துக்கு மேற்பட்ட கோப்புகளைத் தேசிய ஆவணக் காப்பகம் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறது, யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பிள்ளைகள் கல்லில் இருந்து ஒரு பெயரை எடுப்பார்கள், கோப்பைத் தேடுவார்கள். சேர்ந்த நாளில் நிரப்பிய தாள் வரும். உயரம், மார்பளவு, கண் நிறம், மதம், தொழில். நெருங்கிய உறவு என்ற இடத்தில் பெரும்பாலும் 'தாய்'. கீழே அவன் கையெழுத்து. ஒரு தங்கச்சி காட்டிய தாளில் தொழில் 'பண்ணைக் கூலி' என்றும் வயது பதினெட்டு என்றும் இருந்தது. தன் அண்ணனுக்கும் இதே வயது என்று சொல்லிவிட்டு அந்தக் கையெழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெடுஞ்சாலை 401ஐயும் விட முடியாது. ஆப்கானிஸ்தான் காலத்துக்குள் நடைமுறை மாறியிருந்தது, இறந்தவர்களின் உடல்கள் வீட்டுக்கு வந்தன. 158 கனடியப் படையினர் அங்கே உயிரிழந்தார்கள். ட்ரென்ரன் விமானத்தளத்திலிருந்து ரொறன்ரோவுக்கு 401 வழியாக அந்த உடல்களை ஏற்றிய வண்டித்தொடர் வரும்போதெல்லாம் மேம்பாலங்களில் சனங்கள் கொடியோடு நின்றார்கள், அதனால்தான் 2007இல் அந்தப் பகுதிக்கு வீரர்களின் நெடுஞ்சாலை என்று பெயர் வைத்தார்கள். நம் உறுப்பினர் ஒருவர் இரவு வேலை முடிந்து ஸ்காபரோ மேம்பாலம் ஒன்றில் அப்படி நின்றிருக்கிறார், பதினைந்து வருடம் கழித்து இந்த வருடம்தான் எங்களிடம் சொன்னார்.

ஒரு வேண்டுகோள். சிலர் ஆர்வத்தில் கற்களைக் கழுவித் துப்புரவாக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. பிளீச்சும் கம்பிப் பிரஷும் எழுத்தையே அரித்துவிடும். சுற்றியுள்ள குப்பையைப் பொறுக்குவோம், அது போதும்.

அடுத்த வருடம் ஒட்டாவா போக விரும்புகிறோம். 1939இல் திறந்த தேசிய நினைவுச்சின்னம், பக்கத்திலேயே 2001இல் வைத்த பூர்வகுடிப் படைவீரர்களின் சின்னம், பாராளுமன்றத்தின் நினைவு நூல்கள் எல்லாம் பார்க்க வேண்டும். ஒரு இரவு தங்க வேண்டியிருக்கும், செலவைப் பற்றிப் பொருளாளர் சொல்வார். வரும் நவம்பர் 11க்கு மலர்வளையப் பதிவை இந்த முறை செப்டம்பரிலேயே நான் விசாரித்துவிடுகிறேன். ஏஜக்சில் இருக்கும் மற்ற உறுப்பினர்கள் இன்று தேநீர் இடைவேளையில் தங்கள் வீதிப் பெயரை என்னிடம் எழுதித் தந்துவிட்டுப் போகவும், தேடுவதற்குப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.