கால் நாளப் புடைப்பும் கருத்தடை மாத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

காலில் நரம்பு சுருண்டு தெரிந்தால் கருத்தடை மாத்திரையை அன்றே நிறுத்திவிட வேண்டும் என்று கடந்த ஞாயிறு பெண்கள் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். இந்த ஒரு வரியால் மட்டக்களப்பின் படுவான்கரையில் எத்தனை வீட்டில் மாத்திரை அட்டை குப்பைக்குப் போயிருக்குமோ என்று மனம் பதைக்கிறது.

அது நரம்பல்ல, இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் நாளம். உள்ளிருக்கும் வால்வு பழுதாகி இரத்தம் தேங்குவதால் புடைக்கிறது. பரம்பரை, பிள்ளைப்பேறு, நாள் முழுக்க நின்று செய்யும் வேலை எல்லாம் இதற்குக் காரணம். வெறும் புடைப்புக்காக எந்தக் கருத்தடை முறையையும் விடத் தேவையில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். மாத்திரையை விட்டவர் கருத்தரித்தால் புடைப்பும் கூடும், இரத்தக்கட்டி ஆபத்தும் மாத்திரையால் வருவதை விடக் கூடும். நான்கு வாரம் விட்டுத் திரும்பத் தொடங்கினால், மாத்திரை தொடங்கும் முதல் மாதங்களுக்குரிய கூடிய கட்டி ஆபத்தும் திரும்ப வரும்.

அஞ்ச வேண்டியது காலின் உள்ளே ஆழத்தில் ஓடும் ஆழ்நாளத்தில் உறையும் இரத்தக்கட்டிக்கே. ஹோர்மோன் எடுக்காத 10,000 பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 2 பேருக்கும், ஈஸ்ட்ரோஜன், லெவோநோர்ஜெஸ்ட்ரல் என்ற இரண்டு ஹோர்மோனும் கலந்த மாத்திரை குடிப்போரில் 5 முதல் 7 பேருக்கும் அது வருகிறது. ஒருமுறை வந்தவருக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை கூடவே கூடாது. கருப்பையில் வைக்கும் செப்பு லூப்பில் ஹோர்மோனே இல்லை. இதில் ஒன்றையாவது எழுதினீர்களா?

முழங்காலுக்குக் கீழே முன்புறம் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. இறங்கி, தையல் நாடாவால் இரண்டு கெண்டைக்காலையும் சுற்றி அளக்க வேண்டும். ஒன்று மற்றதைவிட 3 செ.மீ.க்கு மேல் பெருத்திருந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வித்தியாசம் குறைவானாலும் ஒரு காலில் மட்டும் வலியும் சூடும் இருந்தால் பொறுத்திருக்கக் கூடாது. மூச்சு முட்டினால், நெஞ்சு குத்தினால், இருமலில் இரத்தம் வந்தால் அம்புலன்ஸுக்கு 1990ஐ அழையுங்கள். இதே பக்கத்தில்தான் முன்பு, வீங்கிய காலை எண்ணெய் தேய்த்து நீவச் சொன்னீர்கள். கட்டி இருக்கும் காலை நீவினால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். அன்று எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

நாளப் புடைப்புக்குக் காலில் போடும் இறுக்க மேசு (காலுறை) பற்றியும் அரைகுறையாகவே வந்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்க முன், வீக்கம் ஏற முன் போட வேண்டும். மேல்விளிம்பை மடித்துவிட்டால் அந்த இடம் கயிறு கட்டியதுபோல் இறுகி, இரத்தம் இன்னும் தேங்கும். காலுக்கு இரத்தம் கொண்டுவரும் நாடியில் (தமனியில்) அடைப்பு உள்ளவர் வைத்தியரைக் கேளாமல் போடவே கூடாது.

மாதவிடாய் நின்ற பெண்கள் உங்கள் பக்கத்தில் இடமே பெறுவதில்லை. அவர்கள் விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் கட்டி ஆபத்தைக் கூட்டும். தோலில் ஒட்டும் வில்லை வழமையான அளவில் அப்படிக் கூட்டுவதாகத் தெரியவில்லை. இதை அறிந்தால்தானே அவர்கள் வைத்தியரிடம் கேட்பார்கள்?

வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் ஒரு திருத்தம் போடுங்கள். மாத்திரையை நிறுத்த முன் குடும்பநல மருத்துவிச்சியைக் கேளுங்கள் என்ற ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்பநல மருத்துவிச்சி,
களுவாஞ்சிகுடி