கோல் போன நாள்

தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் "நல்லா இருக்கேன்" என்று நீயும் "சரி, வைக்கிறேன்" என்று நானும் ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகிறோம். அதனால்தான் கடிதம். அம்மா நலம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதை அவளே உனக்குச் சொல்வாள்.

அக்கா அந்தப் படத்தைக் காட்டினாள். நீ பாறை மீனோடு நிற்கிற படம். 5 கிலோ இருக்கும் என்றாள். வால் அடியை நீ பிடித்திருக்கிற விதத்தையும், உன் தோள் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதையும் பார்த்தால் நான் 6 என்பேன். கரையில் நின்று அலைக்குள் வீசி அவ்வளவு பெரிய மீனை ஏற்றுவது லேசான காரியம் இல்லை. மூன்று தடவை வாங்கி வாங்கிப் பார்த்தேன். நீ தூண்டில் எடுத்து இரண்டு வருஷம் ஆகிறதாம். எனக்கு இப்போதுதான் தெரியும். படத்தையும் நீ எனக்கு அனுப்பவில்லை. சரி, இருக்கட்டும்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததில் உன் பிரெய்டு பின்னல் நூலும், அதன் முனையில் கட்டுகிற தடித்த லீடர் தங்கூசியும் சேருகிற முடிச்சு தெரிந்தது. கொஞ்சம் புடைத்துக்கொண்டிருக்கிறது. கோலின் வளையத்தில் உரசும். அந்த முடிச்சை நிதானமாகப் போடு. எச்சில் தொட்டு நனைத்துவிட்டு மெதுவாக இறுக்க வேண்டும். காய்ந்தபடியே வெடுக்கென்று இழுத்தால் உராய்ந்து சூடேறி, தங்கூசி அந்த இடத்திலேயே செத்துவிடும். பார்க்க ஒன்றும் தெரியாது. பெரிய மீன் இழுக்கும்போதுதான் தெரியும். லீடர் கோலின் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு இருக்கட்டும், அதற்கு மேல் ரீலில் ஐந்தாறு சுற்று. 100 கிராம் ஈயம் வீசுகிறாய் என்றால் லீடரின் பலம் 35 பவுண்டுக்குக் குறையக் கூடாது. வீசும் வேகத்தில் அறுந்தால் அந்த ஈயம் யார் மண்டையையும் உடைக்கும். வீசுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் பின்னால் திரும்பிப் பார். ஒவ்வொரு தடவையும்.

உன் பாப்பாவுக்கு எட்டு வயது முடிந்துவிட்டது, இல்லையா?

நீ ரொம்ப தூரம் வீசுவதாக அக்கா பெருமையாகச் சொன்னாள். 100 மீட்டர் வீசத் தெரிந்திருப்பது நல்லதுதான். ஆனால் பாதி நாள் மீன் முதல் பள்ளத்திலேயே, உன் காலிலிருந்து 20, 30 மீட்டரில் மேய்ந்துகொண்டிருக்கும். அதன் தலைக்கு மேலே வீசிவிட்டு மீன் இல்லை என்று திரும்பி வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். புதுக் கரைக்குப் போகிறாய் என்றால் முதல் நாள் கோல் எடுத்துப் போகாதே. நீர் நன்றாக வற்றியிருக்கும்போது போய் நடந்து பார். எங்கே மேடு, எங்கே பள்ளம், மேட்டை அறுத்துக்கொண்டு கடலுக்குப் போகிற வாய் எங்கே என்று மனதில் குறித்துக்கொள். அப்புறம் நீர் நிரம்பியதும் அதையே மேலிருந்து பார். வெள்ளையாக உடைகிற இடம் மேடு. உடையாமல் கறுத்துக் கிடக்கிற இடம் ஆழம். பொடிமீனும் நண்டும் அந்த வாய் வழியாகத்தான் வெளியே போகும். பெரிய மீன் அதன் ஓரத்தில் காத்து நிற்கும்.

அந்த வாய்தான் ஆளையும் இழுக்கிற இடம். இது உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். இரண்டு பக்கமும் அலை உடைந்து நடுவில் மட்டும் சாதுவாக இருக்கும். நுரையும் கலங்கலும் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கும். தெரியாதவர்கள் அங்கேதான் அலை இல்லை என்று இறங்குவார்கள். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தக் கூடாது. எவ்வளவு பெரிய நீச்சல்காரனும் களைத்துப்போவான். அது ஆளை அடியில் இழுப்பதில்லை, வெளியேதான் கொண்டுபோகும். மிதந்துகொண்டு, பக்கவாட்டில், கரையோரமாகவே நீந்தி அதைவிட்டு விலகி, அப்புறம் அலையோடு கரைக்கு வர வேண்டும். பெரியவனுக்கு இது சரி. சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் அந்த நேரத்தில் நினைவுக்கு வருமா?

இரைக்குக் கடையில் வாங்குகிற இறாலைவிட அந்தக் கரையிலேயே கிடைப்பது மேல். அலை திரும்பும்போது ஈரமணலில் 'வி' போலச் சின்னச் சின்னக் கோடுகள் தெரியும். கை வைத்துத் தோண்டினால் பின்பக்கமாகவே மணலுக்குள் புதைந்துகொள்கிற அந்தக் குட்டி நண்டு இருக்கும். சின்ன வயதில் நீதான் அதில் கெட்டிக்காரன். உன் விரல் சின்னது, சட்டென்று எடுத்துவிடுவாய். சிவப்பு வாளி நிறைய எடுத்து வைத்துவிட்டு எண்ணிக்கொண்டிருப்பாய்.

முனை உள்ளே வளைந்த சர்க்கிள் ஹூக் போடுகிறாய் என்று நினைக்கிறேன், படத்தில் மீனின் வாய் ஓரத்தில்தான் ஏறியிருந்தது. நல்லது. அதற்கு வெடுக்கென்று வெட்டி இழுக்காதே, மீன் திரும்பிப் போகும்போது தானே ஏறும். ரீலில் நூல் ஓடுவதைப் பிடித்து வைக்கிற டிராகை நூலின் பலத்தில் நான்கில் ஒரு பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறுக்காதே. கடைசியில் கரை ஏற்றும்போது அலை உள்ளே வரும்போது சுற்று, திரும்பும்போது விட்டுப் பிடி. திரும்புகிற அலையோடு மல்லுக்கட்டினால் முடிச்சுதான் போகும். முடிச்சைப் பற்றிச் சொல்லிவிட்டேன். இரவில் தனியாகப் பாறைகளுக்குப் போகிறாயா என்று அக்காவிடம் கேட்டேன், தெரியாது என்றாள். அப்படிப் போனால் இறங்குவதற்கு முன் கால் மணி நேரமாவது நின்று கடலைப் பார். அலை கூட்டம் கூட்டமாகத்தான் வரும். பத்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு நான்கு பெரியது சேர்ந்து வரும். ஈரமாகக் கறுத்திருக்கிற பாறை என்றால் அலை அதுவரை வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். கடலுக்கு முதுகைக் காட்டாதே. இடிச்சத்தம் கேட்டால் கிளம்பிவிடு, உன் கையில் இருப்பது கார்பன் கோல், மின்சாரத்தைக் கடத்தும்.

அடுத்த அமாவாசைக்குப் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு அந்த நீளமான மணல்திட்டுக்குப் போகப்போகிறாயாம். அக்காதான் சொன்னாள். போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? போ. ஆனால் இதைக் கேட்டுவிட்டுப் போ.

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒட்டி ஓதம் பெரிதாக இருக்கும். வற்றினால் ரொம்ப வற்றும், ஏறினால் ரொம்ப ஏறும். திட்டு பெரிதாக வெளியே தெரிகிறதே என்று நம்பி எல்லாரும் நடந்து போவது அன்றைக்குத்தான். நாளுக்கு இரண்டு ஏற்றம் வருகிற கரையில் நீர் ஏற 6 மணி நேரம் என்று வை. முதல் மணியில் ஏறுவது மொத்தத்தில் 12-ல் 1 பங்குதான். இரண்டாவதில் 2 பங்கு. மூன்றாவது மணியிலும் நான்காவது மணியிலும் 3 பங்கு, 3 பங்கு. மொத்தத்தில் பாதி நீர் நடுவில் இருக்கிற அந்த இரண்டு மணி நேரத்திலேயே வந்துவிடும். மீன் நன்றாக இரை எடுப்பதும் அந்த நேரத்தில்தான். நீ முன்னால் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பாய். திட்டின் மேல் உன் கால் நனைந்திருக்காது. நீர் உனக்கு முன்னால் வராது, தம்பி. பக்கத்து வாய் வழியாக நுழைந்து, முதுகுக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தை நிரப்பும். போகும்போது கணுக்கால் நனைந்த இடம் திரும்பும்போது உன் இடுப்புக்கு வரும். பாப்பாவுக்கு எவ்வளவு வரும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். அட்டவணையில் இருக்கிற நேரத்தையும் அப்படியே நம்பாதே. காற்று கரையைப் பார்த்து அடித்தால் அட்டவணையில் போட்டிருப்பதைவிட அதிகமாகவே ஏறும். நீர் திரும்பி ஏற ஆரம்பித்ததும் கிளம்பிவிடு. மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் கிளம்பு.

இதையெல்லாம் அன்றைக்கும் தெரிந்துதான் வைத்திருந்தேன்.

நம் வீட்டில் 'கோல் போன நாள்' என்று சொல்வோம். அம்மா எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள், அக்கா கல்யாணத்தில்கூடச் சொன்னாள். பிள்ளை சத்தம் கேட்டதும் அவர் புதுக் கோலை அப்படியே கடலில் வீசிவிட்டு ஓடினார் என்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். நீயும் கேட்டுக்கொண்டிருப்பாய். ஒரு தடவைகூட நீ திருத்தவில்லை.

நீ மூன்று தடவை கூப்பிட்டாய். முதல் தடவை வாளி கவிழ்ந்துவிட்டது போல என்று நினைத்தேன். கோல் வளைந்து, நூல் கத்திக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பருவம் முழுக்க அப்படி ஒரு மீன் மாட்டவில்லை. இரண்டாவது தடவை உன் குரல் வேறு மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். பள்ளத்தில் நீ நெஞ்சளவு நீரில் நின்றாய். சிவப்பு வாளியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாய். இரையைக் கொட்டினால் அடி விழும் என்று காலையில்தான் சொல்லியிருந்தேன். நீயும் என்னைப் பார்த்தாய். நான் திரும்பவும் கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இதோ வந்துவிட்டேன், இன்னும் ஒரு நிமிடம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது தடவை கூப்பிட்டபோதும் சுற்றிக்கொண்டுதான் இருந்தேன்.

அப்புறம் கையில் கனம் போய்விட்டது. முடிச்சு விட்டுவிட்டது. அன்று காலை அவசரத்தில் போட்ட முடிச்சு, நனைக்காமல் இறுக்கியது. அதற்குப் பிறகுதான் கோலைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். ஒழுங்காகப் போட்டிருந்தால் எவ்வளவு நேரம் நின்றிருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமாக நினைத்துப் பார்க்கிறேன், தெரியவில்லை. கரைக்குத் தூக்கிக்கொண்டு வந்ததும் பள்ளத்தில் ஏன் இறங்கினாய் என்று உன்னை அறைந்தேன். நீ இன்னும் வாளியை விடவில்லை. அலை இரைச்சலில் முதலில் காதில் விழவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். விழுந்தது, தம்பி. மூன்று தடவையும் விழுந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ என்னோடு வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. பயந்துவிட்டான் என்று எல்லாரிடமும் சொன்னேன். அதுவும் பொய். நீ இவ்வளவு தூரம் போய், யாரிடமோ கற்றுக்கொண்டு, இப்படி ஒரு மீனைப் பிடித்து நிற்கிறாய். பயந்தவன் செய்கிற காரியம் இல்லை.

அம்மாவிடம் நேற்று இரவுதான் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. காலையில் எழுந்ததும், அவனிடம் நீங்களே சொல்லுங்கள் என்றாள்.

பாப்பாவைக் கூட்டிப் போகும் நாளில் ஒரு கோல் போதும், இரண்டு வேண்டாம். மிதவைச் சட்டையை வீட்டிலேயே போட்டுவிடு, அங்கே போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று விடாதே. வெளிர் நீலம், வெள்ளை வேண்டாம், நுரையில் தெரியாது. ஆரஞ்சு நிறம் போடு. அவளை உனக்குப் பின்னால் நிறுத்தாதே, முன்னால், கண் படும் இடத்தில் நிறுத்து. நீ வீசும்போது மட்டும் தன் அம்மாவோடு தள்ளி நிற்கட்டும்.

இதோடு வருகிற பார்சலில் ஒரு சின்னக் கத்தி இருக்கிறது. முனை மழுங்கியது, குத்தாது. பிரெய்டை இழுத்துக் கட்டி வெட்டிப் பார்த்தேன், ஒரே இழுப்பில் அறுகிறது. உறையை இடது தோள் பட்டையில் கட்டிக்கொள், வலது கை தானாகப் போய் எடுக்கும். பையில் போட்டு வைக்காதே. எவ்வளவு பெரிய மீனாக இருந்தாலும் சரி, அவள் முதல் தடவை கூப்பிட்டதும் வெட்டிவிடு. கத்தி எங்கே இருக்கிறது என்று அவளுக்கும் காட்டிவை.

அப்பா